சீட்டு எண் 4417

ஹோரஸ் டில்மன் கொண்டுவந்தபோது
அதன்மேல் ஓட்டல் மதுக்கூடத்தின் பிசுக்கு இருந்தது.
"தாளப் பெட்டி. ட்ரம்மர் சம்பளம் மிச்சமென்று வாங்கினேன்.
இது கைதட்டுவதைக் கேள், வாண்டா,
தகரத்தில் பட்டாணி கொட்டுகிற மாதிரி."
கேட்டேன். பட்டாணிதான்.
நாற்பது டாலர் கொடுத்துச் சீட்டு எழுதினேன்.
டெட்ராய்ட், எண்பத்திரண்டு நவம்பர்.
பேரேட்டில் வகை என்றொரு கட்டம் உண்டு.
அதில்: இசைக்கருவி, இதர.

அந்தக் குளிர்காலத்தில் எல்லாமே எங்களிடம் வந்தது.
திருமண மோதிரங்கள், முயல் சுடும் துப்பாக்கிகள்,
ஆலை மூடிய தெருக்களிலிருந்து
பெயர் சுரண்டிய கருவிப் பெட்டிகள்.
சுவர் முழுக்கக் கிடார்கள், கசாப்புக் கடை ஆடுகள்போல.
டில்மன் வட்டி கட்ட வரவில்லை.
பெட்டி மூழ்கிப்போனது.

அறுபத்தைந்து டாலருக்கு வாங்கியவன் கோர்டெல் மேஸ்.
இரவு முழுக்க டோனட் சுடுபவன்,
சட்டைக் கையில் சர்க்கரை மாவு.
மூன்றாம் வாரம் அதையே அடகு வைத்தான்.
பிறகு அதுவே வழக்கமாயிற்று:
வெள்ளி மீட்பான், திங்கள் வைப்பான்.
கட்டிய வட்டியில் இரண்டு பெட்டி வாங்கியிருக்கலாம் என்று
தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
"மூன்று" என்று திருத்தினான்.

திங்கட்கிழமைப் பெட்டி
இன்னும் சூடாக இருக்கும்.
ஓரத்தில் ஒட்டுத்தாள், அதில் ஏதாவது கிறுக்கல்:
நான்சி நடனம். மெதுவாக. அடித்தளம், இரண்டு மணி.
சில வாரம் கையெழுத்து வேறு.
சிகாகோவிலிருந்து வந்த அத்தை மகள் ஒடெஸா
தேவாலயக் குரலை அதன்மேல் ஏற்றிப் பார்த்தாளாம்.
எதிர்த் தெருப் பையன் ஒருவன்
வேகத்தைப் பாதியாக்கி
அதன் இடைவெளியில் பேசிக்கொண்டே போனானாம்.
ஒரே பெட்டி, ஒரே சீட்டு.
நான் வகை மாற்றவில்லை.

ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டுச்
சுவரில் சொருகினேன்.

நான் போல்கா கேட்டு வளர்ந்தவள்.
பாட்டென்றால் யாராவது அழ வேண்டும்,
இல்லையேல் குடிக்க வேண்டும்.
இதில் யாருமே இல்லை.
நான்கு அடி, நான்கு அடி,
அப்பா நின்ற பட்டறை வரிசைபோலச் சமமாக.
அந்தப் பட்டாணிக் கைதட்டல் மட்டும்
ஒரு மயிரிழை பிந்தி வந்தது,
வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாதவன்போல.
சுவர்க் கிடார்கள் யாரும் தொடாமலே
மெல்ல முனகின.

எனக்கு என்ன வந்ததோ,
பதினோராவது பொத்தானை அழுத்தினேன்.
ஒரு தட்டு கூடிவிட்டது.
எடுக்கத் தெரியவில்லை.
வெள்ளியன்று கோர்டெலின் முகத்தைப் பார்க்காமல் ரசீது கிழித்தேன்.

திங்கள் வந்தது பெட்டி.
பூட்டிய கடைக்குள் மறுபடி போட்டுப் பார்த்தேன்.
என் தட்டு அப்படியே இருந்தது.
அதைச் சுற்றி மற்றதையெல்லாம் நகர்த்தியிருந்தான்.

எண்பத்தெட்டில் ஒரு திங்கள் வரவில்லை.
அடுத்ததும் வரவில்லை.
பெர்லினில் இருக்கிறான் என்றாள் ஒடெஸா,
அங்கே அதற்கொரு பெயர் வைத்திருக்கிறார்களாம்,
ஆவணக்காரி மாதிரி உச்சரித்துக் காட்டினாள்.
பெயர்கள் அப்புறம் நிறைய வந்தன.
ஹவுஸ், டெக்னோ, இன்னும் என்னென்னவோ,
ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு, உட்பிரிவுக்குள் சண்டை.

தொண்ணூற்றாறில் அதே ரகப் பெட்டி
வேறொருவன் கையால் வந்தது.
கண்ணாடிக்குள் வைத்துத்
தொள்ளாயிரம் என்று எழுதினார் முதலாளி.
மழைக்கு ஒதுங்கிய டில்மன்
விலையை இரண்டு தடவை படித்தார்.
போடச் சொன்னார். போட்டேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டார்,
முழு ஒரு நிமிடம்.

"இன்னும் தப்பாகத்தான் தட்டுது" என்றார்.
கால் மட்டும்
ஈர ஷூவுக்குள் ஆடிக்கொண்டிருந்தது.