மாதிரி பதினான்கு

கேத்தியில் இன்று உறைபனி.
கேரட் நாற்றின் இளவேரைச்
சவர பிளேடால் சீவி
கண்ணாடித் தகட்டில் வைக்கிறேன்.
நீல ஒளி.
இருட்டுக்குள் ஒரு வளையம் எரிகிறது.

செல்லுக்கும் செல்லுக்கும் நடுச்சந்தில்
நொதி ஒன்று நின்று
லிக்னின் பூசியிருக்கிறது,
கரணை இல்லாமல், சாந்துச்சட்டி இல்லாமல்.
இனி குறுக்குவழி கிடையாது.
உப்போ யூரியாவோ
ஏதாவதொரு செல்லின் வாசலில் பெயர் சொல்லித்தான்
உள்ளே போக வேண்டும்.

பின்மேடு சரிந்த மழைக்கப்புறம்
எங்களுக்குத் தடுப்புச்சுவர் கட்டிய
சவரிராயன் மேஸ்திரி
முழத்துக்கொரு ஓட்டை விட்டார்.
"தண்ணி வெளிய வரலேன்னா
செவுரு வெளிய வந்துரும் டீச்சர்."
நான் டீச்சர் இல்லை. திருத்தவில்லை.

அடுத்த தகடு,
அந்த நொதி இல்லாத நாற்று.
வளையம்
பல் போன சீப்பு.
ஆனாலும் சாகவில்லை:
விட்ட இடத்திலெல்லாம்
வேறு நொதிகள் சூபரினை அப்பி
அவசரத்தில் அடைத்திருக்கின்றன,
கோணல்மாணலாக, தேவைக்கு மேலேயே.

நோட்டில் எழுதுகிறேன்: கசிவு உண்டு.
உதட்டுப் பனிவெடிப்பை
நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது.

இதன் விதைகளை நேற்று ஊறவைத்தேன்.
தோல் மெலிசு.
மற்றவை இன்னும் கல்லாய்க் கிடக்க
இவை மட்டும் ராத்திரியே வெடித்து
வெள்ளையாய் எட்டிப் பார்க்கின்றன,
வெளியே புல்லெல்லாம் கருகியிருக்கும்
இந்தக் காலையை.