பாலாடாவில் ஒரு பெயர்

கேரட் லாரியிலிருந்து குதித்ததா,
மேலே பூட்டிக் கிடக்கும் பங்களாக்காரர்
விட்டுவிட்டுப் போனதா,
யாருக்கும் தெரியவில்லை.
கழுவுகிற மிஷினுக்குப் பின்னால்
சேற்றுத் தண்ணீர் வழியும் இடத்தில் படுத்திருந்தது.
நிறம் கேட்டால்
நனைந்த சாக்கின் நிறம்.

நான் அவசரக்காரி.
மூன்றாம் நாளே கட்டிப்பிடித்தேன்.
கல்லாகிவிட்டது.
கடிக்கவில்லை, உறுமவில்லை.
கண்ணின் வெள்ளை மட்டும் ஓரத்தில் தெரிய
நான் முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டது,
ஊசி போடும்போது பிள்ளைகள் பொறுப்பதுபோல.

லில்லிபுஷ்பம் சாக்குத் தைத்துக்கொண்டே சொன்னாள்:
"உனக்குத்தான் அது கொஞ்சல்.
அதுக்கு, கழுத்துல விழுந்த கை."

அதன் பிறகு கையைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டேன்.
தலைக்கு மேலிருந்து இறங்காமல்
தாடைக்கு அடியிலிருந்து.
நேராகப் பார்க்காமல்
எதிர்ச் சரிவில் யாரோ பூண்டுக்கு மருந்தடிப்பதை
வேடிக்கை பார்க்கிறவள்போல உட்கார்ந்து.
நெஞ்சில் மூன்று முறை தேய்த்துவிட்டு நிறுத்துவேன்.
இன்னும் வேண்டுமென்றால் மூக்கால் முட்டும்.
முட்டாவிட்டால்
அன்றைக்கு அவ்வளவுதான்.
கேட்டுவிட்டுத் தொடுவது
என் கல்யாணத்தில்கூட நடக்காத காரியம்.

அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும்.
மணி என்றேன், டைகர் என்றேன்,
ஜிம்மி, ராஜா, பிரவுனி,
ஒரு கோபத்தில் என் வீட்டுக்காரர் பெயர்.
காது அசையவில்லை.
யாரோ வாயில் வைத்துக்கொண்டு போய்விட்ட சொல்லை
என் வாயில் தேடிக்கொண்டிருந்தேன்.

தை மாதம். ராத்திரி இரண்டு மணி.
நெற்றி விளக்கோடு பாத்தியில் குனிந்திருக்கிறோம்.
புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி.
பிடுங்கிய கேரட்டும் என் விரலும்
ஒரே விறைப்பு.
தோட்டக்காரர் போஜன் பிளாஸ்கைச் சாய்த்து
டீ ஊற்றிக்கொண்டே போனார்.
"போதும்" என்றேன்.

சாக்குக் குவியலில் ஒரு தலை நிமிர்ந்தது.

"போதும்?"

எழுந்து, உடம்பை உதறி,
பாத்தியை மிதிக்காமல் வரப்போடு வந்தது.
வால் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் ஆடியது.

எந்த வீட்டில் எவர் சொன்ன போதும்?
குரைத்தது போதும் என்று அதட்டியதா,
தட்டில் சோறு வைக்கும்போது
யாரோ யாருக்கோ சொன்னதா?
ஆடிய வாலைப் பார்த்தால் சோறுதான்
என்று முடிவு செய்துகொண்டேன்.
எனக்கும் அது தேவையாயிருந்தது.

அந்த மாதம் லைன் வீடுகளில்
சிறுத்தை இரண்டு நாய்களைத் தூக்கிப் போனது.
ஒன்றின் சங்கிலி மட்டும்
குழாயடியில் கிடந்தது.
வேலையில்லாத இரவுகளில் கதவைத் திறந்து வைத்தேன்.
வாசற்படியில் நின்றது,
முன்கால் உள்ளே, பின்கால் பனியில்.
இழுக்கவில்லை.
இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு
கையில் அரிவாளோடு
பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.
மூன்று ராத்திரி வீடெல்லாம் குளிர்.
இருமல் பிடித்தது எனக்கு.
நாலாம் ராத்திரி
என்னைத் தாண்டி உள்ளே போய்
அடுப்போரம் இரண்டு சுற்றுச் சுற்றி
பெருமூச்சு விட்டுப் படுத்தது,
வாடகை கொடுக்கிறவன்போல.

இப்போது வேலை முடிந்தால்
முதுகை என் முழங்காலில் சாய்த்து உட்காரும்.
முகத்தைக் காட்டாது. முதுகைத்தான் தரும்.
மடங்காத விரல்களை
அதன் நெஞ்சுக்கடியில் வைத்துக்கொள்கிறேன்.
மூன்று தேய்ப்பு, நிறுத்தம்.
மூக்கு.

ஒரே ஒரு சங்கடம்.
விடிகிற நேரம், லாரி மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பியாயிற்று,
அது என் பூட்ஸில் தாடையை வைத்துத் தூங்குகிறது.
போஜன் பிளாஸ்கைச் சாய்க்கிறார்.
டம்ளர் நிறைகிறது.
நான் சொல்ல வேண்டிய சொல் ஒன்றுதான்,
சொன்னால் எழுந்துவிடும்.
அவர் என் முகத்தைப் பார்த்தபடி ஊற்றுகிறார்.
கையுறைமேல் டீ வழிகிறது,
சூடாகத்தான் இருக்கிறது.