பனிக்கட்டிக்குப் பாதிக் கணக்கு

பெயர் அன்செல்ம் கொர்மியே.
வயது ஐம்பத்தெட்டு. கட்டில் பதினொன்று.
அட்டையில் இரண்டு கட்டங்கள்:
உள்ளே போனது, வெளியே வந்தது.
இரவு இரண்டு மணி வரைக்கும்
முதல் கட்டத்தில் நான் எழுதியது
ஒரு வட்டம்.

ஜன்னலுக்கு வெளியே ஃபண்டி வளைகுடா
உள்வாங்கிக் கிடக்கிறது.
படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கின்றன,
ஆறு மணி நேரத்தில் திரும்பிவிடும் என்ற தைரியத்தில்.
இங்கே கடல் போவதை
யாரும் நின்று பார்ப்பதில்லை.

"ஒரே ஒரு மடக்கு" என்கிறேன்.
"வால்வு மூடியாச்சு, ஒடீல்."
இருபத்தாறு வருடம்
ஊர்க் குடிநீர் நிலையத்துக்காக முக்குளித்தவர்.
ஆற்றடியில் குழாயின் வாய், வாயில் கம்பி வலை,
அதைச் சுரண்டுவது வேலை.
விலாங்கு, மரக்கிளை, ஒருமுறை
யாரோ கழற்றி எறிந்த கல்யாண உடை.
"எது வேண்டும் என்று குழாய்க்குத் தெரியாது.
இழுக்க மட்டும் தெரியும்."

ஒரு பிப்ரவரியில் தண்ணீர் முழுசாய் உறையாமல்
ஊசி ஊசியாய், மாவுபோல் மெத்தென்று
மிதந்து வந்து வலையில் அப்பிக்கொண்டதாம்.
ஆறு ததும்புகிறது,
ஊரில் ஒரு குழாயிலும் சொட்டில்லை.
"தண்ணிக்குத் தண்ணியே எதிரி"
என்று சிரிக்கப் பார்த்து இருமுகிறார்.

செப்டம்பரில் மாங்க்டனிலிருந்து தொலைபேசி வந்தது.
தங்கையின் பெயரைச் சொன்னார்கள், நேரத்தைச் சொன்னார்கள்.
காதில் விழுந்தது.
விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.
இன்னமும் அவளுக்கும் சேர்த்தே
பால் வாங்கி வருகிறேன்;
வியாழக்கிழமைகளில் கெட்டுப்போனதைக் கொட்டுகிறேன்.

நாலு மணிக்குக் காகிதக் கோப்பையில்
நொறுக்கிய பனிக்கட்டி கொண்டுபோனேன்.
எட்டிப் பார்த்தார்.
பழைய எதிரியை அடையாளம் கண்டவர்போலப்
புருவம் தூக்கினார்.
வாய் திறந்தது.
ஒரு துண்டு. அது கன்னத்துக்குள் நகர்வது தெரிந்தது.
இன்னொன்று.

பனிக்கட்டிக்கு எங்கள் வார்டில் பாதிக் கணக்கு:
அறுபது கொடுத்தால் முப்பது என்று எழுதவேண்டும்.
உருகினால் அவ்வளவுதான் தேறும்.
வட்டத்துக்கு முன்னால் ஒரு மூன்றைப் போட்டேன்.

தாழ்வாரத்து இயந்திரத்தின் கரண்டியில்
ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டை
என் வாயில் போட்டுக்கொண்டேன்.
பல் கூசியது. தொண்டை வரை சில்லிட்டது.
மிரேய் இருந்தாள், என்று
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
இருந்தாள்.

துறைமுக விளக்கடியில் ஒரு படகு
லேசாக நிமிர்ந்த மாதிரி இருந்தது.
சேறாகவும் இருக்கலாம்.

அந்தத் துண்டை
எந்த அட்டையிலும் எழுதவில்லை.