இரட்டை விளைவு

சோமனூருக்குத் தெற்கே எங்கள் குருமடத்தில்
இரவு ஒன்பதுக்கு மணி அடித்தால் மௌனம்.
மதிலுக்கு அந்தப் பக்கத்து விசைத்தறிகளுக்கு
அந்த மணி கேட்பதில்லை.
கரண்ட் போனால்தான்
விதிப்படியான மௌனம் எங்களுக்குக் கிடைக்கும்.

அப்படியொரு இருட்டில்
மெழுகுவத்தி வைத்துப் படித்தேன்:
ஒரே செயல், இரண்டு விளைவுகள்,
ஒன்று நல்லது, ஒன்று கெட்டது.
செய்யலாமா?
செய்யலாம், நான்கு நிபந்தனைகளோடு.

பாடத்தில் வருகிறவர்கள் எல்லாருமே
நொடியில் முடிவெடுக்க வேண்டியவர்கள்.
கத்தியோடு நிற்கும் டாக்டர்.
விமானத்தில் ஒரு பைலட், கீழே ஆயுதக் கிடங்கு,
ஒட்டினாற்போல் பள்ளிக்கூடம்.
ஆறு வருசமாக அதே காரியத்தை
ராத்திரி ஷிஃப்டில் செய்கிற ஒருத்தன்
எந்த அத்தியாயத்திலும் இல்லை.

என் அண்ணன் தார்சிஸ்
திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருக்கிறான்.
மேகம் கட்டினால் அவனுக்குப் போன் வரும்.
நொய்யலில் புதுத்தண்ணி இறங்கும் நேரம் பார்த்து
பின்சுவர் ஓரம் வால்வைத் திறக்க வேண்டும்,
விடிவதற்குள் மூட வேண்டும்.
முன்வாசலில் பச்சைப் போர்டு:
'சொட்டுக் கழிவும் வெளியேறாத ஆலை.'
சாவி அவனிடம்.
அந்தச் சாவிக்கு மாசம் நாலாயிரம் கூட.

அதில் ஆயிரத்து ஐந்நூறு எனக்கு வரும்,
புத்தகத்துக்கு, சோப்புக்கு,
போன வருசம் அங்கி தைக்க.
வெள்ளை அங்கி.
எந்தத் தண்ணியில் வெளுத்த துணி என்று
தையல்காரரிடம் நான் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் அரைமணி நேரம் போன் பேசலாம்.
"என்றா படிக்கறே இப்ப?" என்றான்.
சொன்னேன், டாக்டரை வைத்து, பைலட்டை வைத்து,
அவனுக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி.
பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.
"பள்ளிக்கூடம் இருக்கறது அந்த ஆளுக்குத் தெரியுமா?"
"தெரியும். ஆனா குழந்தைக சாவறத அவன் விரும்பலை."
"நானுந்தான் விரும்பலை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"உங்க பக்கம் தறி ஓடுதாட்ட இருக்குது"
என்று சொல்லி வைத்துவிட்டான்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது.
எடுத்துக்காட்டுடன் விளக்குக, இருபது மதிப்பெண்.
நான் வால்வை எழுதினேன்.
வால்வைத் திருகுவது தன்னளவில் பாவமில்லை,
மணிக்கட்டின் ஒரு சுற்று.
எண்ணமும் கெட்டதல்ல, வீட்டுக்கு அரிசி.
தீமையின் வழியாக நன்மை வரக் கூடாது,
அங்கே பேனா நின்றது.
அந்தத் தண்ணி ஆற்றுக்குப் போவதற்குத்தானே
அந்த நாலாயிரம்?

சரி, தராசு என்று தாண்டிப் போனேன்.
ஒரு தட்டில் பட்டறையின் அறுபத்திரண்டு பேர்.
மறு தட்டில்,
ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே எங்கோ
உப்பேறிய கிணற்றோடு ஒருத்தர்.
தென்னை வைத்திருப்பாரா? பெண்பிள்ளைகளா, பையனா?
பேர்கூடத் தெரியாதவரை
எத்தனை கிலோ என்று எழுதுவது?

எல்லாவற்றையும் குறுக்கே அடித்துவிட்டு
டாக்டரை எழுதினேன்.
பதினேழு போட்டிருந்தார் இஞ்ஞாசி சாமி.
அடித்த வரிகளின் ஓரத்தில்
சிவப்பு மையில் ஒரு புள்ளி.
படித்தாரா, பேனாவைச் சும்மா ஊன்றினாரா,
இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

இன்று சாயங்கால ஜெபத்தின்போது
மேற்கே வெள்ளியங்கிரிப் பக்கம் இடி.
காய்ந்த ஐப்பசி. பக்கத்துப் பெஞ்சில்
கோபிக்காரன் பெனிட்டோவுக்கு மஞ்சள் காடு இருக்கிறது,
மழைக்காக நன்றி சொன்னான், குரல் உடைந்து.
எல்லோரும் ஆமென் என்றார்கள்.
நான் மனசுக்குள்
தண்ணி திருப்பூர் போய்ச்சேர எத்தனை மணி ஆகும்
என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது
கொடியில் என் அங்கி நனைந்துகொண்டிருந்தது.
யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள்.
நான் எடுக்கப் போகவில்லை.