சனிக்கிழமைக் கொப்பி

சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்கும் நீள மேசையைக்
கழுவி, ஸ்பிரிட் பூசி, லைற்றைப் பதித்துக் கட்டினால்
பின்னேரம் வரைக்கும் அது தியேட்டர்.
வாசிக்க வந்த கந்தவனத்தார்
பேப்பரோடு வேப்பமரத்தடிக்குப் போகிறார்,
"நாய்க்கும் குடும்பக்கட்டுப்பாடோ" என்று
ஒவ்வொரு மாதமும் புதிதாய்ச் சிரித்தபடி.

நான் கொப்பி எழுதுகிறவள்.
இலக்கம், நிறம், எடை, ஆர் கொண்டுவந்தது,
ஆரும் கொண்டுவராவிட்டால் எந்தச் சந்தி.
கட்டணம் ஆயிரத்தைந்நூறு.
இல்லாதவர் இருப்பதைத் தரலாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்,
அதற்குப் பிறகு முருங்கைக்காய்தான்.
அரியாலைக் கொட்டிலில் நாற்பத்தொரு நாய்.
ஒன்றும் முருங்கைக்காய் தின்னாது.
மயக்க மருந்துக்குச் சூரிச்சிலிருந்து ஒருவர்
தகப்பனின் திவசத்துக்குத் திவசம் காசு அனுப்புகிறார்.

தெருநாய்களை மரியதாஸ் வலைபோட்டுப் பிடிப்பான்.
குருநகரில் கடலை விட்டபோது
விற்காமல் வைத்திருந்த வலை.
"மீன் முகத்தைப் பாக்காதக்கா, இதுகள் பாக்குதுகள்."
பிடித்த கையோடு மாலுபாண் பிய்த்துக் கொடுப்பான்.
வெறுவயிற்றோடுதான் மேசைக்கு வரவேணும் என்று
டொக்டர் சரண்ஜா கத்தினதிலிருந்து
பாணைப் பொக்கற்றில் வைத்து
வாசம் மட்டும் காட்டுகிறான்.

மயக்கம் தெளியும்வரை
பழைய பேப்பர் விரித்துக் கிடத்துவோம்.
எங்களூர்ப் பேப்பரில் மரண அறிவித்தலுக்குப் பஞ்சமில்லை.
கொழும்புத்துறையில் பிறந்து
ரொறன்ரோவில் சிவபதமடைந்த அம்மா ஒருவரின் மேல்
காதுநுனி வெட்டிய சிவப்புப் பெட்டை
நாக்கைத் தொங்கவிட்டு, உயிரோடு.

கடுவனுக்கு வீட்டில் பெயர் உண்டு.
பெட்டைக்குட்டி உரப்பையில் வரும்,
இரவில், எங்கள் படலைக்கு.
கட்டியிருக்கும் முடிச்சைப் பார்த்தே
எந்த வீடென்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன்.
சொல்வதில்லை.

இன்றைக்குப் பன்னிரண்டாம் இலக்கம்:
கறுப்பு, பதினாலு கிலோ, பெயர் றோசி.
தவநேசன் சைக்கிள் கரியரில்
மீன்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.
"ஒருக்காலாவது பெறவிட்டிருக்கலாமோ, தங்கச்சி?"
இதற்கு நான் வைத்திருக்கும் பதில் நீளமானது.
கையெழுத்தை மட்டும் வாங்கினேன்.

திறந்ததும் டொக்டரின் கை நின்றது.
என்னைக் கூப்பிட்டா.
கையுறைக்குள் ஐந்து விரல். பிறகு ஒன்று.
"மூடித் தைச்சு விடட்டோ?"

விடலாம்.
இருபது நாளில் பிறக்கும்.
மூன்றாவது பெட்டையாயிருக்கும்.
உரப்பை. முடிச்சு.
பதினொரு வருசமாய் இதே கணக்குச் செய்கிறேன்,
அதனால்தான் கேள்வி என்னிடம் வருகிறது.
மேசைக் காலில் பச்சைப் பெயின்ரில்
அன்பளிப்பு என்று எழுதிக் கிடந்தது,
யாருடையதென்ற இடம் உரிந்துபோய்.
அதைப் பார்த்துக்கொண்டே
"எடுங்கோ" என்றேன்.
வெளியே கந்தவனத்தார் தாள் திருப்பும் சத்தம்.

பிறந்ததற்குக் கொப்பியில் ஒரு நிரல் இருக்கிறது,
செத்ததற்கும் இருக்கிறது.
நடுக்கோட்டில் பேனையை வைத்திருந்தேன்,
மை ஊறிப் பொட்டாகும்வரை.

நாலு மணிக்கு அவர் வந்தார்.
றோசி எழும்பி,
யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாளில் சத்தியெடுத்து,
வாலை ஒருதரம் அசைத்தது.
குளிக்கவார்க்காதேங்கோ, நக்கவிடாதேங்கோ,
மடியில் கொஞ்சம் பால் ஊறலாம், பயப்படாதேங்கோ,
ஒரு கிழமையில் காயம் ஆறும் என்று
சொல்லிக்கொண்டே போனேன்.
"எவ்வளவு?" என்றார்.
"ஆறு" என்றேன்.

சேட்டுப் பொக்கற்றிலிருந்து நூறு நூறாய் எண்ணி
ஆறு தாளைக் கொப்பியின் மேல் வைத்தார்.
"குறைச்சுத்தான் எடுக்கிறியள், நல்லாயிருப்பியள்."
நான் திருத்தவில்லை.

சைக்கிள் ஒழுங்கையால் திரும்பியது.
மரியதாஸ் மேசைக்குத் தண்ணி ஊற்றினான்.
கந்தவனத்தார் வாசலில் நின்று
செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று யோசித்து,
"இனி மேசை எங்களுக்குத்தானே?" என்றார்.