முன்னால் வரும் அன்

முசஃபா முகாம், பதினேழாம் அறை. வெள்ளி இரவு.
ஏசி ஒழுகும் பக்கெட்டுக்குப் பக்கத்தில்
கிளினிக் நர்ஸ் மரிசெல்.

உதட்டுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள் என்கிறாள்.
தாள் ஆடினால் ஒரு ப.
ஆடாவிட்டால் வேறு ப.
எனக்கு இரண்டும் ஒரே எழுத்து;
பல்லுக்கும் பஸ்ஸுக்கும் இதுவரை அது போதுமாயிருந்தது.

சூடான்காரர் இத்ரீஸுக்கோ ஆடுகிற ப-வே கிடையாது.
அவர் சொன்னால்
கார் நிறுத்துமிடமெல்லாம் குரைக்கும்.
மரிசெல் மட்டும் என்னவாம்,
ஃபேனைப் போடச் சொல்லிப் 'பேன்' என்கிறாள்.
நானும் குழந்தைசாமியும் தலையைச் சொறிகிறோம்.

ஆளுக்கொரு தாள் வேண்டும்.
காலையில் ஆபீஸில் கொடுத்தது
சட்டைப்பையில் நாலாக மடிந்திருந்தது.
பிரித்துப் பிடித்து, ஒரு சொல்லைக் கூட்டி வாசித்தேன்:
'பெய்ட்.'
தாள் ஆடியது. கைதட்டினார்கள்.

கட்டைவிரலை நகர்த்தினேன்.
அடியில் இன்னும் இரண்டு எழுத்து
சொல்லின் தலையில் ஒட்டிக்கிடந்தது.
'அன்.'
தாள் அசையவில்லை.

நம்மூரில் அன் கடைசியில் வரும்,
வந்தால் ஓர் ஆள் எழுந்து நிற்பான்:
கொத்தன், கடன்காரன், மகன்.
இங்கே முன்னால் வந்து
பின்னால் இருப்பதை இல்லை என்கிறது.

மரிசெல் வாங்கிப் பார்த்தாள்.
அடுத்த சொல் 'லீவ்' என்றாள் மெதுவாக,
அதற்கடுத்தது மூன்று மாதம்.

இத்ரீஸும் பையைத் துழாவித்
தன் தாளை எடுத்தார்.
உதட்டருகே வைத்து அதே சொல்லைச் சொன்னார்,
இரண்டு தரம், மூன்று தரம்.

அவர் ப-வுக்கு அது ஆடவே இல்லை.