வலைத்திரி

முதலில் வெட்டியது ஆர்கிரோவின் தேநீர் வடிகட்டியை.
தப்பு என்று வெட்டும்போதே தெரியும்.
எறும்பு தலை நுழைக்கும் கண்ணில்
கிளிசரின் எப்படி ஏறும்?

பெராமாவில் கப்பல் பட்டறை மூடிய அன்று
நான்கு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
கால்சட்டைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தேன்
டீசல் வடிகட்டியின் எஃகு வலை, ஒரு முழம்.
இன்ச்சுக்கு ஐந்நூறு இழை.
விளக்குக்கு நேரே பிடித்தால்
வலை தெரியாது, பனிமூட்டம்தான் தெரியும்.
திருட்டா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.
கேட்டால் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

இரவு மூன்று மணி.
நாலு விரல் நீளம், மூன்று விரல் அகலம்.
கத்தரி பட்ட ஓரத்தில் இழைகள் பிரிந்து
கட்டைவிரலில் ஏறுகின்றன.
பாத்திர சோப்பில் அலசுகிறேன்
கப்பல் வாசம் போகும்வரை.
போகவில்லை.

அடுப்பின் நீலத்தில் காட்டுகிறேன்:
வைக்கோல் நிறம்,
கத்தரிப்பூ நிறம்,
பிறகு எந்த நிறமும் இல்லாத சாம்பல்.
தண்ணீரில் தோய்த்தால்
'ஸ்' என்று ஒரே ஒரு எழுத்து.
ஆறு முறை. ஏழாவது, சந்தேகத்துக்கு.

வெல்டராக இருபத்தோரு வருடம்
இந்தக் கருகல் தோலைச் சுரண்டி எறிந்தவன் நான்.
அது இருந்தால் ஒட்டு நிற்காது.
இன்று அதே தோலுக்காக
அடுப்பைக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.
மின்சாரம் கம்பியோடு போகவேண்டும்,
வலைக்குள் இறங்கக் கூடாது.
நடுவில் முடியிழை அளவுகூட இல்லாத கருகல்.
அதை நம்பித்தான் எல்லாம்.

ஊசியைச் சுற்றி வலையை உருட்டினேன்.
விரலுக்குப் பழக்கம் மறக்கவில்லை;
ஓரத்தை நக்கி ஒட்டப் போனேன்,
நாக்கு நுனிவரை வந்துவிட்டது எஃகு.

ஸ்தமாதிஸ் என்பது
எங்கள் மொழியில் 'நிறுத்து' என்பதற்குப் பக்கத்து வீட்டுச் சொல்.
எனக்கு முன்னே ஐந்து பெண்கள்.
'போதும்' என்று அப்பா கடவுளுக்குப் போட்ட மனுதான்
என் பெயர்.
எனக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் பிறந்தார்கள்.

கம்பி ஐந்து சுற்று,
மோதிரம் கழற்ற வருகிற தளர்ச்சியில்.
திரியைத் தொட்டியின் துளைக்குள் இறக்கினேன்,
சுவரில் உரசாமல்,
பாண்டெலிஸ் கடைசலில் கடைந்து தந்த தொட்டி.
பொத்தானை அழுத்தினால்
மேல் சுற்று மட்டும் வெறிபிடித்துச் சிவக்கிறது;
மற்ற நாலும் தூங்குகின்றன.
குண்டூசியால் தட்டினேன்.
இப்போது அடிச்சுற்று.
மறுபடி தட்டினேன்.
பேட்டரி உள்ளங்கையில் சுட்டது.
எங்கோ கம்பியும் வலையும்
தோலைத் தாண்டிப் பேசிக்கொள்கின்றன.
கழற்று. சுடு. தோய். உருட்டு. சுற்று.

எத்தனையாவது தடவையோ தெரியவில்லை,
கதவருகே வெறுங்காலோடு ஆர்கிரோ.
லைட்டர் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள்.
காற்றை முகர்ந்தாள்.
"எத்தனை?" என்றாள்.
கண்ணை எடுக்காமல் "அஞ்சு" என்றேன்.
நான் சொன்னது சுற்று.

அவள் அறைந்து சாத்திய கதவில்
மேசை ஒருமுறை துள்ளியது.
பொத்தானை அழுத்தினேன்.
நடுவில் தொடங்கி இரு பக்கமும்
அடங்கிய சிவப்பாய்ப் பரவியது,
ஐந்து சுற்றும் ஒன்றுபோல.
ஓடிப்போய் அவளிடம் காட்டியிருக்கலாம்.
கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

காலையில் மலைத்தேநீர் கொதித்தது,
காம்பும் பூவுமாக.
ஆணியில் வடிகட்டியின் வளையம் மட்டும் தொங்கியது.
அதை எடுத்து
ஒற்றைக்கண்ணால் அதன் வழியே என்னைப் பார்த்தாள்.
மேசையில் கிடந்த வலைத்துண்டுகளைப் பார்த்தாள்,
சாம்பல் கிண்ணத்தைப் பார்த்தாள்.
அதில் என் திருகாணிகள்.

ஒன்றும் சொல்லவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு
தேநீரை உறிஞ்சினாள்.
காம்பெல்லாம்
பல்லுக்கு இந்தப் பக்கம் நின்றன.